மாநாட்டுக் கணக்கு யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கே மும்பையில் பல்கலைக்கழக மாணவர்கள் தலைமைத்துவ மாநாடு நடத்துகிறோம் என்று வந்தால், எந்தப் பேச்சாளர் வருகிறார் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். செலவை யார் முடிவு செய்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும். தொகை, தேதி, சாப்பாடு எல்லாவற்றையும் பேராசிரியர்கள் தீர்மானித்துவிட்டு மாணவர்களை வரவேற்பு மேசையில் நிறுத்தினால், அது மாணவர் மாநாடு ஆகாது.

இருநூறு பேருக்கான ஒருநாள் மாநாட்டுக்கு நான்கு மாதமும் பன்னிரண்டு பேர் குழுவும் போதும். நாற்பது பேர் குழு வேண்டாம். அங்கே எல்லாரும் இருப்பார்கள், பொறுப்பு யாருடையது என்று மட்டும் தெரியாது.

மும்பையில் தேதிதான் முதல் சோதனை. ஜூலையில் மழை. ஆகஸ்டில் சேவியர்ஸ் கல்லூரியின் மல்ஹார் விழா, டிசம்பரில் ஐஐடி பம்பாயின் மூட் இண்டிகோ விழா. தொண்டர்கள் அங்கே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வசதி என்று தோன்றும். ஆனால் அன்றுதான் ரயில்வேயின் மெகா பிளாக், அதாவது பராமரிப்பு வேலைக்காகப் பல மணி நேரம் ரயில்களைக் குறைப்பது, இருக்கும். முலுண்டிலிருந்தோ வாஷியிலிருந்தோ கிளம்புபவர் மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்துக்கு எப்போது வந்து சேர்வார் என்று சொல்ல முடியாது. சனிக்கிழமையே நல்லது.

பணத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். விளம்பரதாரர் ஒப்புக்கொண்ட தொகை பெரும்பாலும் மாநாடு முடிந்த பிறகே வரும். வந்தாலும் கல்லூரிக் கணக்கில்தான் சேரும். எடுக்க கொட்டேஷன், பில், முதல்வர் கையெழுத்து எல்லாம் வேண்டும். சமையல்காரரோ முன்பணம் கேட்பார். எனவே அரங்கு, சாப்பாடு, ஒலிபெருக்கி மூன்றையும் பதிவுக் கட்டணத்திலும் கல்லூரி முன்கூட்டி அனுமதித்த தொகையிலும் அடக்குங்கள். பேனர், பை, டி-ஷர்ட் எல்லாம் விளம்பரப் பணம் கைக்கு வந்த பிறகு. எந்த மாணவரின் சொந்த ஜிபேயிலும் கட்டணம் வாங்கக் கூடாது. நேர்மையான பிள்ளைகூடக் கணக்குக் காட்ட முடியாமல் திணறும்.

பதிவை இலவசமாக்காதீர்கள். நூறு ரூபாயாவது கட்டியவர்தான் காலையில் எழுந்து வருவார். இலவசம் என்றால் பேர் கொடுத்தவர்களில் கணிசமானோர் வரமாட்டார்கள், சமைத்த சோறு மிஞ்சும். கட்ட முடியாதவருக்கு விலக்குக் கொடுங்கள். அதைக் குழுவில் ஒருவர் மட்டும் அறிந்தால் போதும். சாப்பாட்டு எண்ணிக்கையை இரண்டு நாள் முன்னதாக உறுதிசெய்து, ஐம்பது பேருக்கு ஒரு வரிசை என்று நான்கு வரிசை போடுங்கள். ஒரே வரிசை என்றால் மதிய அமர்வு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.

இனி நிகழ்ச்சி. மேடைப் பேச்சு இரண்டு போதும். இருபது நிமிடப் பேச்சு, அதற்குமேல் கேள்வி நேரம். கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மைக்கைக் கொடுத்தால் முதலில் எழுபவர் தனிச் சொற்பொழிவு ஆற்றிவிடுவார். மீதி நேரமெல்லாம் பத்துப் பேர் கொண்ட குழுக்களுக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மூத்த மாணவர் வழிகாட்டி. அவர்களுக்கு முன்னதாக இரண்டு மாலை பயிற்சி கட்டாயம். பேசாதவரைப் பேசவைப்பது எப்படி, அதிகம் பேசுபவரை நோகாமல் நிறுத்துவது எப்படி என்ற இரண்டை மட்டும் பழக்குங்கள். குழுவுக்குக் கொடுக்கும் பிரச்சினை அவர்கள் கையில் தீரக்கூடியதாக இருக்க வேண்டும். 'நாட்டை மாற்றுவது எப்படி' என்று கொடுத்தால் மேடை வசனம்தான் வரும். 'விடுதிக் குடிநீர்ப் புகாரை யாரிடம், எந்தத் தாளோடு கொண்டுபோவது' என்று கொடுங்கள், வேலை நடக்கும்.

நம் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்தும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாராவியில் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளியில் படித்தவரும் இருப்பார். தமிழ் சரளமாகப் பேசி, ஓர் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாதவரும் இருப்பார். பேச்சு தமிழில் இருக்கட்டும். கையில் கொடுக்கும் தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் ஒரு பாதி கூச்சத்தோடு ஒதுங்கிவிடும், அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

முடிந்ததும் இரண்டு வாரத்துக்குள் கணக்கை மூடுங்கள். உண்மையில் கொடுத்த விலைகள், கடைக்காரர்களின் தொலைபேசி எண்கள், அனுமதிக் கடிதங்களின் நகல், எங்கே தாமதமானது, ஏன் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் தேர்வு, வேலை என்று கலைந்துபோவதற்கு முன், அடுத்த ஆண்டு பொறுப்பேற்கும் இரண்டு பேரை உட்காரவைத்து, பக்கம் பக்கமாக விளக்கி ஒப்படையுங்கள்.