150 வெள்ளி வந்துவிட்டது! ஆனால் அம்மாவுக்கு ஏன் கிடையாது?

வணக்கம், வணக்கம் மக்களே! மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து உங்கள் அக்கா. இன்றைக்குச் சமையல் இல்லை, பாசார் மாலாம் இல்லை. வந்துவிட்டது லா! 150 வெள்ளி! இதோ, திரையைக் காட்டுகிறேன். கணக்கு எண்ணை விரலால் மறைத்துக்கொள்கிறேன், நம் கமெண்டில் கண்கொத்திப் பாம்புகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பார்த்தீர்களா? போனஸ் என்று போட்டு, பக்கத்தில் 150. சென் குறையவில்லை.

பேங்க் மாற்றினால் காசு தருகிறார்கள் என்று காடியில் உட்கார்ந்து பேசிய வீடியோ ஞாபகம் இருக்கும். "அக்கா நல்லா ஏமாறப் போறாங்க" என்று எழுதிவிட்டு, சிரிக்கிற பொம்மை வேறு போட்டீர்களே, உங்களுக்குத்தான் முதல் வணக்கம்.

சரி, கேட்டவர்களுக்காக நிபந்தனையைச் சொல்கிறேன். புதுக் கணக்கு திறக்க வேண்டும். மாதச் சம்பளம் 2,000 வெள்ளிக்குக் குறையாமல் அதில் விழ வேண்டும், மூன்று மாதம் விடாமல். கணக்கில் எப்போதும் 500 வெள்ளி இருக்க வேண்டும். அவ்வளவுதான். போனிலேயே திறந்தேன். ஐசியை இரண்டு பக்கமும் படம் பிடித்து, முகத்தை இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு, கண் சிமிட்டு என்றது. சிமிட்டினேன். முடிந்தது.

அப்புறம் கார்டு. இதைப் பேசாமல் விட முடியாது. கார்டுக்கு 12 வெள்ளி! நீதானே என்னை வா வா என்று கூப்பிட்டாய்? வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிட்டுவிட்டு வாசலில் செருப்பு வைக்கக் காசு கேட்பார்களா யாராவது? 12 வெள்ளி என்றால் எங்கள் முக்குக் கடையில் நானும் அம்மாவும் ரொட்டி சானாய், தே தாரேக் என்று ஆற அமரப் பசியாறிவிட்டு, தம்பிக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வரலாம். கார்டு வேண்டாம், ஆப்பே போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கார்டு இல்லாமல் கணக்கு முழுமையாகாதாம். கார்டும் பார்க்க நன்றாக இல்லை, மங்கிய பச்சை. ஆக எனக்கு வந்தது 150 இல்லை, 138. இனிமேல் யாராவது 150 என்றால் நான் திருத்துவேன்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன். முதல் மாதச் சம்பளம் விழுந்தது. ஆப்பில் போனஸ் பக்கத்தைத் திறந்தால் "சம்பளம் இன்னும் வரவில்லை" என்கிறது. பணம் உள்ளே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், வரவில்லையாம்! வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். மலாய்க்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, அப்புறம் ஒரே பியானோ. அந்தப் பியானோவை இப்போது நான் முணுமுணுத்தே காட்டுவேன். கடைசியில் ஒரு பெண் வந்து விளக்கினார்: உங்கள் முதலாளி ஆளுக்கு ஆள் பணம் அனுப்பும் சாதாரண டுயிட்நவ்வில் அனுப்பியிருக்கிறார், சம்பளம் என்ற வகையில் அனுப்பவில்லை, அதனால் எங்கள் கணினி அதைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளாது.

எங்கள் தவுக்கேயை உங்களுக்குத் தெரியும், ஹார்டுவேர் கடை வீடியோவில் பின்னால் ஆணியை எடை போட்டுக்கொண்டிருந்தாரே, அவர்தான். நல்ல மனிதர், ஆனால் எதையும் மாற்ற மாட்டார். கால்குலேட்டர் கூட அந்தக் காலத்துப் பொத்தான் தேய்ந்த கால்குலேட்டர்தான். "அதே காசுதானே லா, எப்படி அனுப்பினால் என்ன?" என்றார். நான் அவருடைய நிறுவனக் கணக்கைத் திறக்கச் சொல்லி, சம்பளப் பட்டியல் என்று தனியாக இருக்கும் இடத்தைக் காட்டினேன். அதில் எல்லோர் பெயரையும் ஒரே தடவை போட்டுவிட்டால் மாதா மாதம் ஒரு பொத்தான் அமுக்கினால் போதும் என்றதும் முகம் மாறிவிட்டது. அதுவரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார் பாவம்! இப்போது கடையில் எல்லோருக்கும் அப்படித்தான் சம்பளம். எனக்கு மூன்று மாதக் கணக்கு அந்த மாதத்திலிருந்துதான் ஓடத் தொடங்கியது. தவுக்கே ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தார், அதையும் வரவில் எழுதிக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன், பின்னால் போகிறேன். புதிய ஆப்பைப் போனில் பதிவு செய்ததும் 12 மணி நேரம் எதுவும் அனுப்ப முடியாது. என்ன அநியாயம் என்று கத்தாதீர்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் எல்லா பேங்குகளையும் இப்படிக் காத்திருப்பு நேரம் வைக்கச் சொன்னது. ஒருவன் உங்கள் பெயரில் தன் போனில் ஆப்பை ஏற்றிவிட்டாலும் உடனே துடைத்துவிட முடியாது, அதற்குள் நீங்கள் மோசடிப் புகாருக்கான 997க்கு அடித்துவிடலாம். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் காடிக் கடன் கட்ட வேண்டிய அன்றைக்கு ஆப்பை மாற்றாதீர்கள்.

காடிக் கடன் என்றதும் இங்கிலாந்து ஞாபகம் வருகிறது. என் அத்தை மகள் லெஸ்டரில் நர்ஸ். பேங்க் மாற்றுவதே அவளுக்குப் பொழுதுபோக்கு, 150 பவுண்டு, 175 பவுண்டு என்று அள்ளுகிறாள். அங்கே 2013இலிருந்து ஓர் ஏற்பாடு இருக்கிறது: நீ புது பேங்கில் மாறுகிறேன் என்று சொன்னால் போதும், ஏழு வேலை நாளில் பணம், மாதாமாதம் தானாகப் போகும் பில், எல்லாவற்றையும் அவர்களே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பழைய கணக்கையும் அவர்களே மூடிவிடுவார்கள். யாராவது பழைய எண்ணுக்கே பணம் அனுப்பினாலும் அது புது எண்ணுக்குத் திரும்பி வரும், மூன்று வருஷத்துக்கு! கேட்டு எனக்கு வயிறெரிந்தது. நம் ஊரில் அப்படி ஒன்றும் கிடையாது. காடிக் கடன், காப்புறுதி, மின்சாரம், ஆஸ்ட்ரோ, எல்லாவற்றுக்கும் நாமே ஒவ்வொன்றாய் அலைய வேண்டும். நான் ஒரு பழைய நோட்டில் எழுதி, மாற மாறக் கோடு போட்டேன். அரசாங்கம் ரொக்கமாகத் தரும் எஸ்டிஆர் உதவி வாங்குகிறவர்கள் கவனம், அது நீங்கள் பதிந்து வைத்த கணக்குக்குத்தான் போகும், அங்கேயும் எண்ணை மாற்றியாக வேண்டும்.

பழைய கணக்கைக் காலியாக்கி அப்படியே போட்டுவிடவும் கூடாது. ஒரு வருஷம் அசையாமல் கிடந்தால் தூங்கும் கணக்காகிவிடும், வருஷத்துக்கு 10 வெள்ளி பிடிப்பார்கள். உள்ளே 10 வெள்ளிக்குள் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மூடிவிடுவார்கள். ஏழு வருஷம் தொடாமல் விட்டால் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பிரிவுக்குப் போய்விடும். போனது போனதுதான் என்று இல்லை, கேட்டு வாங்கலாம். ஆனால் எதற்கு அந்த அலைச்சல்?

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அம்மா.

ஆளைக் கூட்டி வந்தால் இருவருக்கும் 20 வெள்ளி என்றார்கள், அம்மாவைப் புது பேங்கின் கிளைக்குக் கூட்டிப்போனேன். கட்டைவிரல் வைக்கும் கருவி அம்மாவைக் கண்டுகொள்ளவே இல்லை. வயசுக்கு வந்ததிலிருந்து பால்மரம் வெட்டிய கை, வெட்டுக் கத்தியும் வாளியும் பிடித்துப் பிடித்து ரேகை பாதி அழிந்துவிட்டது. அந்தக் கவுண்டர் பெண் தங்கமான பிள்ளை. ஈர டிஷ்யூவால் துடைத்துவிட்டாள், மற்ற விரலை வைக்கச் சொன்னாள். அப்புறம் "நெற்றியில் தேய்த்துவிட்டு வையுங்கள் அம்மா, எண்ணெய் ஒட்டினால் படிக்கும்" என்றாள். அம்மா நெற்றியில் தேய்த்தார், திருநீறும் சேர்ந்து வந்துவிட்டது. கருவிமேல் வெள்ளையாக ஒரு கோடு! அதையும் துடைத்து வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது, வரிசையில் இருந்த ஒரு சீன ஆண்ட்டி கை தட்டினார்.

அதற்கப்புறம்தான் கேட்டாள்: "சம்பளம் வருமா அம்மா?" அப்பா போனதற்குத் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோ கொடுக்கும் மாதப் பணம்தான் வரும் என்றார் அம்மா. அது சம்பளம் இல்லையாம். 150 கிடையாது, 20 வேண்டுமானால் உண்டு. அம்மா ஐசியை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "என் பழைய பேங்க் புத்தகமே போதும்" என்றார், வந்துவிட்டோம்.

அந்தப் பழைய புத்தகத்தைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் அம்மா அதே பேங்க்தான். போன வருஷம் முழுக்க வந்த வட்டி 11 வெள்ளி சொச்சம். என் கார்டு விலை கூட வரவில்லை! நேற்று வந்த எனக்குப் புது பேங்க் விருந்து வைக்கிறது, அம்மாவுடைய பேங்க் இத்தனை வருஷத்தில் ஒரு காலண்டரைத் தவிர என்ன கொடுத்தது? காலண்டரும் இரண்டு வருஷமாய் இல்லை.

அம்மா கேட்டால் வேறு மாதிரி சொல்வார். தாத்தாவின் கூட்டுறவுப் பங்குப் பத்திரம் அந்தப் பழைய புத்தகத்தோடு பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது. 1960இல் நம் ஊர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரன் விற்றுவிட்டுப் போன தோட்டங்களை வாங்கினாரே, அதில் தாத்தாவும் ஒருவர். போட்ட இடத்தில் இருந்தால் பணம் இருக்கும், இது அம்மாவின் நம்பிக்கை. நான் வாதாடவில்லை. பேங்கில் வைப்பதற்கு வைப்புத்தொகைக் காப்புறுதி நிறுவனமான பிஐடிஎம்மின் காப்பு இருக்கிறது, ஒரு பேங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. அந்த எல்லையைத் தொடும் கவலை எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். போன வீடியோவுக்கு அப்புறம் ஒருவன் மெசேஜ் அனுப்பினான்: "புதுக் கார்டைக் கொடுத்தால் 500 தருகிறேன் அக்கா, வெறும் வாடகைதான்." தம்பிமார்களே, நம் தோட்டப் பக்கம் இதைக் கேட்டுக்கொண்டு வருகிறவனிடம் கார்டு, பின் நம்பர் எதையும் கொடுக்காதீர்கள். அது கெல்டாய் கணக்கு, ஏமாற்றிய பணம் உங்கள் பெயரில் வந்து போகும், போலீஸ் உங்கள் கதவைத்தான் தட்டும். அவனை நான் பிளாக் செய்துவிட்டேன்.

எந்த பேங்க் என்று கேட்காதீர்கள், அந்தச் சலுகை முடிந்துவிட்டது, பெயர் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரமும் செய்ய மாட்டேன், 12 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் யோசிக்கிறேன். 138இல் அம்மா 50 கேட்டார், கொடுத்துவிட்டேன். அடுத்து இன்னொரு பேங்க் 200 தருகிறதாம், நிபந்தனையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். தவுக்கேயிடம் இன்னும் சொல்லவில்லை.