ஊக்குவித்தால் போதுமா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, வெளிநாடுகளில் முதலீடு செய்யும் சீன நிறுவனங்களின் சுற்றுச்சூழல், சமூக நெறிகள் மக்களைக் காக்கின்றனவா அல்லது வெறும் ஏட்டுச் சுரைக்காயா என்பது தலைப்பு. சுரைக்காய்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் 2013-இல் சீனாவின் வணிக அமைச்சகமும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலைக் காட்டி மெய்சிலிர்த்தார். நல்ல ஆவணம்தான், மறுக்கவில்லை. சூழல் தாக்க மதிப்பீடு செய், உள்ளூர் மக்களின் வழக்கங்களை மதி, எல்லாம் இருக்கிறது. 2021-இல் இன்னொன்றும் வந்தது: முதலீடு செய்யும் நாட்டின் சட்டம் பலவீனமாக இருந்தால், சர்வதேசத் தரத்தையோ சீனத் தரத்தையோ பின்பற்ற நிறுவனங்கள் 'ஊக்குவிக்கப்படுகின்றன'. ஊக்குவிப்பு! என் பையனைப் படிக்கச் சொல்லி நானும் தினமும்தான் ஊக்குவிக்கிறேன்.

அது வந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 2025 பிப்ரவரி 18, ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் சாம்பிஷி பகுதி. சீன அரசு நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமான சினோ-மெட்டல்ஸ் தாமிரக் கழிவைத் தேக்கிவைத்திருந்த அணை உடைந்து, முதலில் சொன்ன கணக்கிலேயே 5 கோடி லிட்டர் அமிலக் கழிவு ஓடை வழியாக காஃபூவே ஆற்றில் போய்ச் சேர்ந்தது. 100 கிலோமீட்டர் தாண்டியும் மீன் செத்து மிதந்தது. கிட்வே நகரத்தில் குடிநீர்க் குழாயை மூடிவிட்டார்கள். அமிலத்தை முறிக்க விமானத்திலிருந்து ஆற்றில் சுண்ணாம்பு கொட்டினார்கள் ஐயா! நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, சரி. மீனுக்கு யார் கேட்பது?

'மற்ற நாட்டு நிறுவனங்கள் மட்டும் யோக்கியமா?' என்றார்கள். இல்லை. அதே ஜாம்பியாவில் சிங்கோலா பக்கத்துத் தாமிரச் சுரங்கம் தங்கள் தண்ணீரைக் கெடுத்தது என்று சுமார் 1,800 கிராமத்தினர் வழக்குப் போட்டது வேதாந்தா மேல். ஆமாம், நம் தூத்துக்குடி ஸ்டெர்லைட்டின் அதே வேதாந்தா. ஆனால் அவர்கள் தட்டுவதற்கு லண்டனில் ஒரு கதவு இருந்தது. வழக்கை இங்கிலாந்திலேயே விசாரிக்கலாம் என்று 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது, 2021-இல் சமரசம் ஆனது. சாம்பிஷி விவசாயி பெய்ஜிங்கில் எந்தக் கதவைத் தட்டுவார்?

'சில சீனத் திட்டங்கள் நிறுத்தப்பட்டனவே' என்பார்கள். மியான்மரில் ஐராவதி ஆறு பிறக்கும் இடத்திலேயே கட்டவிருந்த 6,000 மெகாவாட் மித்சோன் அணை 2011-இல் நின்றது, அங்கு வாழும் கச்சின் இன மக்களும் ஊரும் கொதித்ததால். கென்யாவின் லாமு நிலக்கரி மின்நிலையத்துக்கு 2019-இல் உரிமத்தை ரத்து செய்தது கென்யாவின் தீர்ப்பாயம். இதில் வழிகாட்டுதலின் பங்கு எங்கே?

நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வருபவர் ஒரே ஒரு பெயர் சொல்லட்டும்: 'இந்த வழிகாட்டுதலை மீறியதற்காக இன்ன நிறுவனத்தை பெய்ஜிங் தண்டித்தது' என்று. மணி அடித்துவிட்டீர்கள், உட்கார்ந்துகொள்கிறேன்.