ராயபுரம் ஸ்டேஷன்: கடலைப் பார்த்துக் கட்டியது

எல்லோருக்கும் வணக்கம். சென்னையின் முதல் ரயில் எங்கிருந்து புறப்பட்டது என்று கேட்டால் பலரும் சென்ட்ரல் என்பார்கள், சிலர் எழும்பூர் என்பார்கள். இரண்டும் இல்லை. சென்ட்ரல் 1873இல் வந்தது, எழும்பூர் ஸ்டேஷன் 1908இல். அதற்கெல்லாம் முன்னால், 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ஸ்டேஷனைத் திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரைக்கும், கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், பொதுமக்களுக்கு ரயில் ஓடியது.

சரி, ஏன் ராயபுரம்?

அன்றைக்குச் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளியே நங்கூரம் போட்டு நிற்கும், அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலையைத் தாண்டிக் கொண்டுவந்து சேர்த்தவை மசூலா படகுகள். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், ஏனென்றால் இறுக்கி ஆணி அடித்த படகு அந்த அலையில் தரைதட்டினால் பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். இந்தப் படகுக்காரர்கள் குடியிருந்த இடம் ராயபுரம். அங்கே இருக்கிற ராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு தேவாலயம், அவர்கள் எழுப்பியதுதான். வியாபாரிகளும் கிடங்குகளும் தெற்கே கறுப்பர் நகரத்தில், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனில். சரக்கு இறங்குவது ஒரு பக்கம், அதை விற்கிறவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கணக்குத் தெரிந்த ரயில்வே கம்பெனி!

ஆனால் ஊர் வேறு பக்கம் வளர்ந்தது. 1870களில் வேலை தொடங்கிய துறைமுகம் பாரிமுனைக்கு எதிரே அமைந்தது, பயணிகள் சென்ட்ரலுக்குப் போனார்கள், 1922இல் ரயில்வே கம்பெனியின் தலைமை அலுவலகமும் சென்ட்ரல் பக்கத்துக்கே மாறிவிட்டது. அப்புறம் ராயபுரத்தை யார் கவனிப்பது? துரை மாளிகை மாதிரி வரிசையாகத் தூண் வைத்துக் கட்டிய கட்டடம் பாழடைந்து கிடந்து, 2005 வாக்கில்தான் பழுதுபார்க்கப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இதைவிட மூத்த பம்பாய், தாணே ஸ்டேஷன்களின் முதல் கட்டடங்கள் இன்றைக்கு இல்லை. கூட்டம் பெருகப் பெருக இடித்துக் கட்டினார்கள். ராயபுரத்தில் கூட்டமே இல்லை, அதனால் யாரும் இடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கிற ஸ்டேஷன் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது. இப்போது இதை இன்னொரு பெரிய முனையமாக்க வேண்டும் என்று பல வருஷமாகக் கோரிக்கை இருக்கிறது. வடசென்னைக்கு அது வரட்டும், ஆனால் தூண்களில் கை வைக்காமல் வரட்டும். பார்க்காதவர்கள் பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி பக்கம் போகிற மின்சார ரயிலில் ஏறுங்கள், அடுத்த ஸ்டேஷனே ராயபுரம்தான்.