படத்தில் இல்லாத ஆள்

நேயர்களுக்கு வணக்கம். ஆள் நடமாட்டம் நின்றுபோன கட்டடங்களுக்குள் போய்ப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூடிய ஆலை, நோயாளிகள் இல்லாத ஆஸ்பத்திரி, ரயில் நிற்காத நிலையம், இந்த மாதிரி இடங்கள். எனக்குச் சொல்ல இருப்பது கேமராவைப் பற்றிக் கொஞ்சம்தான். கூட வருகிற ஆளைப் பற்றித்தான் அதிகம்.

பாரிஸ் நகரத்துக்கு அடியில் பழைய காலத்தில் கல் வெட்டி எடுத்த குழிகள் சுரங்கம் சுரங்கமாகப் போகின்றன. அங்கே ஒரு கல்லறை இருக்கிறது, பிலிபேர் அஸ்பேர் என்பவருடையது. 1793 நவம்பரில் அந்தச் சுரங்கத்தில் வழி தவறினார், பதினோரு வருடம் கழித்துக் கிடைத்தார், 1804 ஏப்ரலில் அதே இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லில் எழுதியிருப்பது இவ்வளவுதான். அவர் ஓர் ஆஸ்பத்திரியின் வாயிற்காவலர், தனியாக இறங்கினார், சாவிக்கொத்தை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள் என்பதெல்லாம் வழிவழியாகச் சொல்லிவருகிற கதை. கதையில் எது மெய்யோ, தனியாகப் போனவர் என்கிற பகுதியை நான் அப்படியே நம்புகிறேன். கூட ஒருவர் இருந்திருந்தால் பதினோரு வருடம் ஆகியிருக்காது.

கேமராவில் கண்ணை வைத்தவனுக்கு அந்தச் செவ்வகத்துக்கு வெளியே எதுவும் தெரியாது. அறை முழுவதும் படத்துக்குள் வரவில்லையே என்று இரண்டடி பின்னால் நகர்வான். நல்ல கட்டடம் என்றால் முதுகு சுவரில் இடிக்கும், அவ்வளவுதான். பாழடைந்த கட்டடத்தில் பின்னால் இருப்பது கதவு கழன்ற லிஃப்ட் குழியாக இருக்கலாம், கைப்பிடி இல்லாத மாடிப்படியாக இருக்கலாம். அதனால் எனக்கும் என் நண்பனுக்கும் நடுவே ஒரே ஒரு சட்டம்தான். ஒருவன் எடுக்கும்போது மற்றவன் எடுக்கக் கூடாது. அவன் வேலை தரையையும் கூரையையும் பார்ப்பது. "டேய், அங்கேயே நில்லு" என்று குரல் வந்தால் நின்றுவிட வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

தரையைப் பார்ப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். மரத்தளத்தில் நடக்கும்போது சுவர் ஓரமாகப் போ, அங்கேதான் பலம் என்று பலரும் சொல்வார்கள். பாதி சரி. கூரை ஒழுகிச் சுவர் ஈரம் குடித்திருந்தால், சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் முனைதான் முதலில் உளுத்துப்போகும். மேலே பலகை பார்க்க நன்றாகவே இருக்கும். ஆகவே கால் வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது சுவரை. பாசி பிடித்திருக்கிறதா, சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, கீழ்த்தளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் உத்தரம் தொய்ந்திருக்கிறதா? கீழிருந்து பார்க்க வழி இல்லாத மரத்தளத்தில் நாங்கள் ஏறுவதில்லை. ஏறினாலும் ஒருவர் தாண்டிய பிறகுதான் அடுத்தவர். இரண்டு பேர் எடையும் ஒரே பலகையில் விழக் கூடாது.

கான்கிரீட் என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காமல் கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளும். கூரையின் அடியில் கம்பி வரிவரியாகத் தெரிகிறது, கீழே தட்டுத்தட்டாகக் காரை கிடக்கிறது என்றால், படம் அழகாகத்தான் வரும். வாசலில் நின்றே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புறாக்கள் பல வருடம் குடியிருந்த அறையில் காய்ந்த எச்சத்தைக் காலால் கிளறினால் எழும் தூசியில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். கைக்குட்டை கட்டிக்கொண்டால் அது நிற்காது. பழைய கொதிகலன் அறைகளில் குழாய்களைச் சுற்றிய உறை பஞ்சு பஞ்சாகப் பிரிந்து தொங்கினால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நாராக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்குச் சாதாரண முகக்கவசம் போதாது, திரும்பிவிடுவதே மேல். எல்லாவற்றையும்விட மோசம், மூடிய தொட்டிகளும் குழிகளும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. முதல் ஆள் விழுவான், காப்பாற்றக் குதித்தவனும் விழுவான். இங்கே நண்பன் செய்ய வேண்டிய காரியம் குதிக்காமல் இருப்பது, வெளியே ஓடி ஆளைக் கூப்பிடுவது. கேட்கக் கல்நெஞ்சம் மாதிரித் தெரியும். ஆனால் இதைப் போவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அங்கே போய் முடிவு செய்ய நேரம் இருக்காது.

அனுமதி விஷயம். எவ்வளவு பாழாய்ப் போன கட்டடத்துக்கும் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். கேட்டுவிட்டுப் போவதில் இன்னொரு லாபம், எந்தப் பக்கம் இடிந்திருக்கிறது என்று காவலாளி சொல்லிவிடுவார். ஜப்பானில் நாகசாகி பக்கம் ஹஷிமா தீவு இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதும் 1974-இல் அத்தனை பேரும் காலி செய்துவிட்டுப் போன இடம். 2009 முதல் மக்களை உள்ளே விடுகிறார்கள், ஆனால் வேலி போட்ட பாதையில் மட்டும். அடுக்குமாடிகளுக்குள் நுழைய முடியாது. அந்தப் பாதையில் நின்றே எத்தனையோ நல்ல படங்கள் எடுத்திருக்கிறார்கள்.

சரி, படத்துக்கு வருவோம். இந்த இடங்களில் மின்சாரம் இருக்காது. ஜன்னல் கண்ணைக் கூசும், மூலை கன்னங்கரேல் என்றிருக்கும். ஜன்னலுக்குச் சரியாக எடுத்தால் அறை போய்விடும், அறைக்குச் சரியாக எடுத்தால் ஜன்னல் வெள்ளைக் காகிதமாகிவிடும். முக்காலியில் கேமராவை வைத்து, வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் அடுத்தடுத்து எடுத்து, அப்புறம் கணினியில் சேர்ப்பது ஒரு வழி. அளவு மீறினால் சுவரெல்லாம் பளபளவென்று போலியாகத் தெரியும், எனக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடித்தது டார்ச் வழி. ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரத்தின் அளவு எஃப் 8, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் முப்பது நொடி திறந்திருக்கும். அந்த முப்பது நொடியில் நண்பன் அறைக்குள் நடந்து, டார்ச்சால் சுவரைத் தடவிக்கொண்டே போவான்.

டார்ச்சை நேராக அடித்தால் சுவர் தட்டையாகிவிடும். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். நீலப் பூச்சு செதில் செதிலாகச் சுருண்டு நிற்கும், அதற்கு அடியில் பச்சை, அதற்கும் அடியில் வெறும் சுண்ணாம்பு. பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு செதிலுக்கும் ஒரு நிழல் விழும். ஆணி அடித்த இடம், அலமாரி இருந்த இடம், சுவிட்சுக்குப் பக்கத்தில் கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன இடம் எல்லாம் எழுந்து வரும். டார்ச் ஓரிடத்தில் நின்றால் அங்கே வெள்ளைத் திட்டு விழும், கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவன் அறை முழுக்க நடந்திருப்பான், படத்தில் இருக்க மாட்டான். கறுப்புச் சட்டை போட்டு, நிற்காமல் நகர்ந்தால் கேமராவுக்கு ஆள் பதிவதே இல்லை. புகைப்படக்கலை பிறந்த காலத்திலேயே இது நடந்திருக்கிறது. 1838-இல் புகைப்பட முன்னோடி டாகேர் பாரிஸில் ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். பல நிமிடம் ஒளியை உள்ளே விட்டு எடுத்த படம். வண்டியும் ஜனமுமாக இருந்த தெரு காலியாக விழுந்தது. காலணிக்குப் பாலிஷ் போடச் சொல்லிவிட்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்தார். அதாவது, காலியாகத் தெரிகிற இடமெல்லாம் காலி என்று படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இந்தச் சந்தேகம் எனக்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரப் படங்களைப் பார்க்கும்போதும் வரும். மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1913-இல் திறந்தது, 1988-இல் கடைசி ரயில் போனது. அதற்குப் பிறகு உலகத்தில் அதிகம் படம் எடுக்கப்பட்ட பாழ்களில் ஒன்றாகிவிட்டது. ஊரே செத்துவிட்டது போலப் படங்கள் வந்தன. அந்த ஊரிலோ பல லட்சம் பேர் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எரிச்சல் வந்ததில் நியாயம் உண்டு. 2018-இல் ஃபோர்டு நிறுவனம் நிலையத்தை வாங்கிப் புதுப்பித்தது, 2024-இல் மறுபடி திறந்தார்கள். செர்னோபில் பக்கத்தில் பிரிப்யாத் நகரத்தில் பொம்மைக்கு நச்சுவாயு முகமூடி மாட்டிக் கட்டிலில் உட்கார வைத்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி எடுத்து வைத்ததெல்லாம் பின்னால் வந்த பார்வையாளர்களின் கைவேலை. நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாமே என்று எனக்கும் கை துறுதுறுக்கும். நண்பன் முறைப்பான். தூசியில் நாற்காலிக் காலின் தடம் இருக்கிறது பார், அதையும் சேர்த்து எடு என்பான். சொன்னபடி எடுத்தால் பெரும்பாலும் அதுதான் நல்ல படமாக இருக்கும். என்ன செய்ய.

எடுத்த படத்தில் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், யாருக்காவது அனுப்பும் முன் அதை அழித்துவிடுங்கள். செம்புக் கம்பி உருவ வருகிறவர்களுக்கு நாம் வழிகாட்டியாக வேண்டாம்.

கடைசியாக, எங்களுக்குள் தீராத வழக்கு ஒன்று. ஷட்டரை அழுத்தியவன் நான், வெளிச்சம் போட்டவன் அவன். படம் யாருடையது? ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்று ஒரு தம்பதி. 1959 முதல் சேர்ந்து, தண்ணீர்த் தொட்டிகளையும் ஊதுலைகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்ட வெளிச்சத்தில் பல பத்து வருடங்கள் எடுத்துத் தள்ளினார்கள். அவற்றில் பல இன்று இடிக்கப்பட்டுவிட்டன. எதை யார் எடுத்தது என்று அவர்கள் பிரித்துச் சொல்லவில்லை, இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டார்கள். 1990-இல் வெனிஸ் கலைவிழாவில் அவர்களுக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, அதுவும் சிற்பத்துக்கு! நாங்களும் இரண்டு பெயரைப் போடுகிறோம். யார் பெயர் முதலில் என்பதில்தான் இன்னும் சண்டை. அகர வரிசைப்படி என்கிறான் அவன், அவன் பெயர் முன்னால் வருவதால்.

நன்றி, வணக்கம்.