தண்ணீர் டம்ளர் எங்கே போனது?

(திரைப்படச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ‘ஷட்டர் ஐலண்ட்’ திரையிடல் முடிந்ததும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விளக்கைப் போட்டதும் உங்கள் முகங்களைத்தான் முதலில் பார்த்தேன். பாதிப் பேருக்கு ஏமாந்துவிட்ட கோபம். மீதிப் பேர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் “நான் அப்பவே சொன்னேன்ல” என்கிறீர்கள். சொல்லியிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, முதல்முறை பார்த்தபோது நானும் அப்படித்தான் வீட்டில் பொய் சொன்னேன்.

படம் பார்க்காமல் இப்போதுதான் உள்ளே வந்தவர் யாராவது இருந்தால், வராந்தாவில் தேநீர் வைத்திருக்கிறார்கள், போய்க் குடித்துக்கொண்டிருங்கள். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது.

டென்னிஸ் லெஹேன் 2003இல் எழுதிய நாவல். மார்ட்டின் ஸ்கார்செசி இயக்கத்தில் 2010 பிப்ரவரியில் படமாக வந்தது. கதை நடப்பது 1954. பாஸ்டன் துறைமுகத்துக்கு அப்பால் ஒரு தீவு. அதில் குற்றம் புரிந்த மனநோயாளிகளுக்கான மருத்துவமனை. பூட்டிய அறையிலிருந்து ஒரு பெண் நோயாளி மாயமாகிவிட்டாள் என்று டெடி டேனியல்ஸ் என்ற மார்ஷல், அதாவது அமெரிக்க மத்திய அரசின் காவல் அதிகாரி, துப்புத்துலக்க வருகிறார். கூடவே சக் என்ற புதுக் கூட்டாளி. கடைசியில் அந்த மார்ஷலே அங்கே இரண்டு வருடமாக இருக்கும் நோயாளி, பெயர் ஆண்ட்ரூ லேடிஸ்; கூட்டாளி அவருக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஷீஹன். இவ்வளவுதான் கதை. இதைச் சொல்லிவிட்டால் படம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்காகத்தான் இன்று பேச வந்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் இது படமாகிறது.

ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்வோம். டெடியும் சக்கும் நோயாளிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரிக்கிறார்கள். கியர்ன்ஸ் என்ற பெண்மணி வருகிறாள். புருஷனைக் கோடரியால் வெட்டியவள். அதை ஏதோ கறிகாய் நறுக்கிய மாதிரி சொல்கிறாள். டாக்டர் ஷீஹன் எப்படிப்பட்டவர் என்று டெடி கேட்கிறார். நல்ல மனுஷன், பார்க்கவும் லட்சணமாக இருப்பார் என்கிறாள். அந்த டாக்டர் அவளுக்கு எதிரே, டெடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பாவம், அவளுக்கு அதைச் சொல்லாமல் நடிக்கும் கஷ்டம். தண்ணீர் வேண்டும் என்று கேட்கிறாள். சக் எழுந்துபோன அந்தச் சில விநாடிகளில் டெடியின் குறிப்பேட்டைப் பிடுங்கி ‘ஓடிப் போ’ என்று கிறுக்குகிறாள். தண்ணீர் வருகிறது, குடிக்கிறாள். இங்கேதான் கவனிக்க வேண்டும்: அவள் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது அந்தக் கையில் டம்ளர் இல்லை. வெறுங்கை. அடுத்த ஷாட்டில் டம்ளர் மேஜைக்கு வந்துவிடுகிறது.

எடிட்டிங்கில் நடந்த தவறு என்று சிலர் சொல்வதுண்டு. எடிட்டர் யார்? தெல்மா ஸ்கூன்மேக்கர், ஸ்கார்செசியின் படங்களைப் பல வருடமாக வெட்டி ஒட்டுகிறவர். அந்தக் கை ஒரு குளோசப் மாதிரி நிற்கிறது, அவசரத்தில் நழுவிய ஷாட் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரைப் பார்க்க முடியாதவன் அந்த டெடி. அவன் மனைவி பிள்ளைகள் மூவரையும் வீட்டுக்குப் பின்னாலுள்ள ஏரியில் மூழ்கடித்தாள். அவளை அவன் சுட்டான். அதற்குப் பிறகு அவன் கண் தண்ணீரை அழித்துவிடுகிறது. படம் அவன் கண்ணை நமக்கு இரவல் கொடுத்திருக்கிறது, அதை நம்மிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். படத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். படகில் வாந்தி எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்கிறான்: வெறும் தண்ணீர்தானே, நிறையத் தண்ணீர், அவ்வளவுதானே என்று. மர்மத்தை இரண்டாவது நிமிடத்திலேயே உடைத்துவிட்டார்கள். நமக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதவன் என்று மட்டும் பட்டது.

இன்னொன்று, சக்காக வரும் மார்க் ரஃபலோவின் இடுப்பு. சிரிக்காதீர்கள். வாசலில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்கிறார்கள். டெடி சட்டென்று உருவிக் கொடுக்கிறார். சக்குக்கு உறையிலிருந்து வரவில்லை. தடுமாறி, கடைசியில் உறையோடு சேர்த்துக் கழற்றிக் கொடுக்கிறார். துப்பாக்கி பிடித்துப் பழகாத கை, ஸ்டெதஸ்கோப் பிடித்த கை. ரஃபலோ இந்தப் படத்தில் செய்திருப்பது லேசான வேலை கிடையாது. மார்ஷல் வேஷம் போடும் ஒரு டாக்டராக நடிக்க வேண்டும். அந்த டாக்டர் கொஞ்சம் மோசமான நடிகராகவும் இருக்க வேண்டும். ஆனால் முதல்முறை பார்க்கும் நம்மிடம் மாட்டிக்கொள்ளவும் கூடாது. டெடியாக வரும் டிகாப்ரியோவுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியை இவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

காணாமல்போன பெண்ணைப் பாறைகளில் தேடும் காட்சியில் காவலர்கள் எவ்வளவு சோம்பலாகத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். இல்லாத பெண்ணைத் தேடச் சொன்னால் வேறு எப்படித் தேடுவது? டெடி தீவில் இறங்கும்போது மட்டும் அத்தனை துப்பாக்கியும் விறைப்பாக நிற்கிறது. வந்திறங்கியவன்தான் அங்கே இருப்பதிலேயே ஆபத்தான நோயாளி. காலி என்ற பெயருடைய தலைமை மருத்துவர், அதுதான் பென் கிங்ஸ்லி, ஒரு மருத்துவமனை முழுவதையும் நாடக மேடையாக்கி, நோயாளியின் கற்பனையை அவன் போக்கிலேயே ஓடவிட்டு, அது தானாக முட்டி நிற்கும் இடம் வரை கூடவே போகிறார். இது துப்பறியும் கதை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் திரையில் ஒரு சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

சரி, இவ்வளவு தடயமும் கண்ணெதிரே இருந்தும் நாம் ஏன் நோயாளி பக்கம் நின்றோம்? இந்தக் கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கதாநாயகன், பெரிய நடிகர், கேமரா அவர் பின்னாலேயே போகிறது, இதெல்லாம் உண்மை. அதைவிடப் பலமான காரணம் ஒன்று உண்டு. அந்தத் தீவில் மனிதர்களின் மூளையை வைத்து ரகசியச் சோதனை நடக்கிறது என்று டெடி சொல்லும்போது, நமக்கு அது நம்பும்படியாக இருக்கிறது. அப்படி நம்ப வைத்தது சரித்திரம்.

1954 என்ற வருடத்தைச் சும்மா பொறுக்கி எடுக்கவில்லை. மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுத்தால் மனநோய் அடங்கும் என்று லிஸ்பனில் 1935இல் எகாஸ் மோனிஸ் ஆரம்பித்தார். அதற்காக 1949இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்காவில் வால்ட்டர் ஃப்ரீமன் 1946இல் அதைச் சுருக்கினார். இமைக்கு அடியில், கண்குழியின் மேல்புறமாக, ஐஸ் கட்டி உடைக்கும் ஊசி மாதிரியான கருவியைச் செருகி, சுத்தியலால் ஒரு தட்டு. மெல்லிய எலும்பு உடையும். உள்ளே ஊசியை இப்படியும் அப்படியும் அசைத்தால் முடிந்தது. பத்து நிமிட வேலை. ஃப்ரீமன் அறுவை மருத்துவர்கூட இல்லை. ஊர் ஊராக அரசு மருத்துவமனைகளுக்குப் போய் இதைச் செய்துகாட்டினார். 1955இல் அமெரிக்க மாநில மனநல மருத்துவமனைகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். படுக்கை காலியாக வேண்டும் என்ற அவசரமும் அந்த ஊசிக்குப் பின்னால் இருந்தது. அதே 1954இல்தான் மனநோய்க்கான குளோர்புரோமசின் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. கத்தியா மாத்திரையா என்று சண்டை நடந்த காலம். படத்தில் டாக்டர் காலி இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி கேட்கிறார்: நோயாளியோடு பேசலாம், அவன் சொல்வதைக் கேட்கலாம் என்கிறார். அவருக்கு இந்த ஒரே ஒரு வாய்ப்பு. தோற்றால் நோயாளி அந்த ஊசிக்காகத் தீவின் கலங்கரை விளக்கத்துக்குப் போக வேண்டும்.

சோதனை விஷயமும் வெறும் பிரமை என்று ஒதுக்க முடியாது. சி.ஐ.ஏ. 1953இல் எம்.கே.அல்ட்ரா என்ற பெயரில் மனதைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சிக்கு ரகசியமாகப் பணம் இறைக்கத் தொடங்கியது. மான்ட்ரியலில் ஆலன் நினைவு நிலையத்தில் யூவன் கேமரன் என்ற பெரிய மனநல மருத்துவர் அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, நோயாளிகளை மருந்து கொடுத்து நாள்கணக்கில் தூங்கவைத்து, ஒரே வாக்கியத்தை ஒலிநாடாவில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். எழுபதுகளில்தான் உலகத்துக்கு இந்தத் திட்டம் தெரிந்தது. 1954இல் ஒருவர் இதைத் தெருவில் நின்று சொல்லியிருந்தால் அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. டெடிக்கு அந்தத் தீவு விஷயத்தில் புத்தி பிசகியது. காலத்தைப் பற்றி அவனுக்கு மூக்கு வேர்த்தது சரிதான்.

குகையில் ஒளிந்திருக்கும் பெண் டாக்டர் சொல்வது ஞாபகமிருக்கிறதா? ஒருமுறை பைத்தியம் என்று முத்திரை விழுந்துவிட்டால், நீ மறுத்தால் அதுவும் நோய், பயந்தால் அதுவும் நோய். அவளே டெடியின் கற்பனை. ஆனாலும் சொன்னது உண்மை. நம் ஊரில் இதற்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டியதில்லை. “கீழ்ப்பாக்கம்” என்று ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், எதிராளியின் வாதம் முடிந்தது. ஒரு மருத்துவமனை இருக்கும் இடத்தையே வசைச்சொல்லாக்கியவர்கள் நாம்.

படத்தில் ‘நான்கின் விதி’ என்று ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. எட்வர்ட் டேனியல்ஸ் என்ற டெடியின் முழுப்பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் ஆண்ட்ரூ லேடிஸ். காணாமல்போன பெண்ணின் பெயரான ரேச்சல் சொலாண்டோவைக் கலைத்தால் அவன் மனைவி டொலோரஸ் சனால். நான்கு பெயர், ஒவ்வொன்றும் பதின்மூன்று எழுத்து. அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு நான்கு ஞாபகம் வந்தது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் வைத்தியத்தை நாலு கூறாக்குகிறார்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். நோயாளி, மருத்துவன், மருந்து, பக்கத்திலிருந்து பணிவிடை செய்பவன். பரிமேலழகர் உரையில் உற்றவனுக்குச் சொல்லும் தகுதிகளில் ஒன்று, நோய்நிலை உணர்த்தல் வன்மை. தனக்கு என்ன செய்கிறது என்று எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும். காய்ச்சல்காரன் சொல்லலாம், வயிற்றுவலிக்காரன் சொல்லலாம். சொல்லும் வாயும் நினைக்கும் மனமுமே நோய்ப்பட்டவன் என்ன செய்வான்? அவன் சொல்வதில் எது நோய், எது செய்தி என்று பிரிக்கும் வேலை மற்றவர்கள் தலையில் விழுகிறது. அங்கே உழைச்செல்வான் மிக முக்கியமானவனாகிவிடுகிறான். அதாவது சக்.

படத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. கனவுக் காட்சிகள் நீளம். நாஜிகளின் டச்சாவ் வதைமுகாமின் உறைந்த பிணங்களை ஒரு மர்மப் படத்தின் அலங்காரத்துக்கு இவ்வளவு அழகாகக் காட்ட வேண்டுமா என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனால் இடம் உண்மையான இடம். மாசசூசெட்ஸில் 2003இல் மூடப்பட்ட மெட்ஃபீல்ட் அரசு மனநல மருத்துவமனையில் பெரும்பகுதி எடுத்தார்கள். படத்துக்கு மனநல ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் கில்லிகன், அதே மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனையை நடத்தியவர். அந்தப் பிரிட்ஜ்வாட்டரின் கொடுமைகளை 1967இல் ஃபிரெட்ரிக் வைஸ்மன் ஆவணப்படமாக எடுத்தார். பொதுமக்கள் பார்க்கக் கூடாது என்று மாநில நீதிமன்றம் போட்ட தடை 1991 வரை நீங்கவில்லை.

படம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: “கடைசியில அவனுக்குக் குணமாச்சா இல்லையா சார்?” கில்லிகனின் கருத்து, குணமாகிவிட்டது என்பதுதான். நாவலில் இல்லாத ஒரு வரியைப் படத்தில் சேர்த்திருக்கிறார்கள். அரக்கனாக வாழ்வதா, நல்லவனாகச் சாவதா, எது மோசம் என்று படிக்கட்டில் உட்கார்ந்து டெடி கேட்கிறானே, அது. நினைவு திரும்பிவிட்டது, அதோடு வாழ முடியாது, அதனால் நோயாளி வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு ஊசிக்குப் போகிறான். இரண்டு நாள் மருத்துவமனை அவனுக்காக நடித்தது, கடைசி இரண்டு நிமிடம் அவன் மருத்துவமனைக்காக நடிக்கிறான்.

எனக்கு அவனைவிட ஷீஹன்மேல்தான் கண். வரிசையைக் கவனியுங்கள். டெடி “சக்” என்று கூப்பிட்டு, இந்தத் தீவைவிட்டுப் போக வேண்டும் என்கிறான். ஷீஹன் தூரத்தில் நிற்கும் காலியைப் பார்த்துத் தலையசைக்கிறார்: பலிக்கவில்லை. ஆட்கள் கிளம்பி வருகிறார்கள், ஒருவர் கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு டெடி எழுந்து நடக்கிறான். ஷீஹனுக்குப் புரிகிறது. “டெடி?” என்று கூப்பிடுகிறார். அது அவன் பெயர் இல்லை என்று இப்போது இருவருக்குமே தெரியும். அவன் திரும்பவில்லை.

டாக்டர் காலி நிற்கும் இடத்துக்கு ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்ல இன்னும் நேரம் இருந்தது. கேமரா கலங்கரை விளக்கத்துக்குப் போய்விடுகிறது. தேநீர் ஆறுகிறது, மீதியை வெளியே நின்று பேசலாம்.