எலிசபெத் தெருத் தோட்டமும் 123 வீடுகளும்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பர், நியூயார்க் குளிர். மன்ஹாட்டனின் தென்பகுதியில், எலிசபெத் தெருவில் நிற்கிறேன். 6ஆம் நம்பர் ரயிலில் வந்து ஸ்பிரிங் ஸ்ட்ரீட் ஸ்டேஷனில் இறங்கி, கிழக்குப் பக்கம் ஐந்து நிமிடம் நடந்தால் இந்தக் கம்பிக் கதவு வந்துவிடும்.

உள்ளே வாருங்கள். மொத்தமே சுமார் 20,000 சதுர அடிதான். நம் ஊர்க் கணக்கில் எட்டு கிரவுண்டு சொச்சம். இந்தப் பக்கம் எலிசபெத் தெரு, அந்தப் பக்கம் மாட் தெரு. இதோ, இந்தக் கல் சிங்கத்தைப் பாருங்கள். இப்போதுதான் ஒரு குழந்தை இதன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டுப் போனது. அதனுடைய சின்னச் சிவப்புக் கையுறை கீழே விழுந்து கிடக்கிறது. எடுத்துச் சிங்கத்தின் தலையில் மாட்டி வைக்கிறேன். தேடி வந்தால் கண்ணில் படட்டும்.

இந்தச் சின்ன இடத்துக்காக ஊர் இரண்டாகப் பிரிந்து பத்து வருடத்துக்கு மேல் சண்டை போட்டது. ஒரு பக்கம் தோட்டம். இன்னொரு பக்கம், வயதான ஏழைகளுக்கு 123 வீடுகள். இது பேராசைக்காரனுக்கும் நல்லவனுக்கும் நடந்த சண்டை இல்லை என்பதுதான் என்னை இங்கே திரும்பத் திரும்ப வரவைக்கிறது.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் இங்கே ஒரு அரசுப் பள்ளிக்கூடம் இருந்தது. 1970களில் அதை இடித்தார்கள். அப்புறம் இடம் சும்மா கிடந்து குப்பைமேடானது. 1991இல் ஆலன் ரீவர் என்பவர் இதை மாநகராட்சியிடம் மாத வாடகைக்கு எடுத்தார். பழைய மாளிகைகளை இடிக்கும்போது கிடைக்கும் சிலைகள், தூண்கள், கல் கைப்பிடிகளை வாங்கி விற்பவர் அவர். குப்பையை அள்ளி, செடி நட்டு, தன்னிடம் இருந்த சிலைகளைக் கொண்டுவந்து வைத்தார். இந்தச் சிங்கமெல்லாம் அப்படி வந்ததுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்போது இது எல்லோருக்கும் திறந்த பூங்காவாக இல்லை. பக்கத்தில் இருந்த அவருடைய கடை வழியாகத்தான் உள்ளே வர முடியும். நினைத்த நேரத்தில் தெருவிலிருந்து நடந்து வர முடிந்ததெல்லாம் 2013க்குப் பிறகு, அக்கம்பக்கத்துக்காரர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து கதவைத் திறந்து வைத்த பிறகுதான். அந்த வேகம் எங்கிருந்து வந்தது தெரியுமா? முந்தைய வருடம், 2012இல், அந்தப் பகுதி கவுன்சிலர் மார்கரெட் சின் இந்த இடத்தைக் குறைந்த வாடகை வீடுகளுக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தார். இன்னொரு பெரிய வீட்டுத் திட்டத்தின் பேச்சுவார்த்தையோடு சேர்ந்து முடிந்த காரியம் அது. இங்கே குடியிருந்தவர்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது. என்னைக் கேட்டால், பாதி கசப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது. முதல் நாளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

2017இல் கட்டுகிறவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். திட்டத்தின் பெயர் ஹேவன் கிரீன். 123 வீடுகளும் முதியவர்களுக்கு, அதில் ஒரு பகுதி வீடில்லாமல் இருந்த முதியவர்களுக்கு. கட்டடத்தை ஒட்டி ஒரு பொதுத் திறந்தவெளியும் உண்டு என்றார்கள். 2019இல் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. அப்புறம் வழக்குமேல் வழக்கு. 2024இல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றமே மாநகராட்சி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்தத் தெருவிலேயே வளர்ந்த இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி, நடிகர் ராபர்ட் டி நீரோ, பாடகி பட்டி ஸ்மித் எல்லோரும் மேயருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆலன் 2021இல் இறந்துவிட்டார். அவர் மகன் ஜோசப்தான் இப்போது தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். இந்தத் தோட்டம் முழுவதுமே ஒரே கலைப்படைப்பு, அதை அழிக்கக் கூடாது என்றுகூட 2025 தொடக்கத்தில் ஒரு வழக்குப் போட்டுப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தப் பாட்டி இல்லை. குவீன்ஸில் என் கட்டடத்தில் நான்காவது மாடியில் குடியிருக்கும் போர்ட்டோ ரிக்கோக்காரர். லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடி திருப்பத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் எப்போதும் இருக்கும். மளிகைப் பையைக் கீழே வைத்து, அதில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு மேலே ஏறுவார். வருடக்கணக்காக யாரும் அதை நகர்த்தியதில்லை. நாங்கள் எல்லோருமே அதைச் சுற்றித்தான் நடக்கிறோம். இந்த ஊரில் குறைந்த வாடகை வீடு குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். முதியோர் வீடுகளுக்கு அவர் விண்ணப்பம் போடும்போது கம்ப்யூட்டரில் நிரப்பித் தருவது நான்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "ஏதாவது வந்ததா?" என்று கேட்பார். இதுவரை ஒன்றும் வந்ததில்லை.

முதன்முதலில் இங்கே வந்தபோது எனக்குச் சந்தேகமே இல்லை. தோட்டம் இருக்கட்டும், இதை ஏன் இடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போய்ப் படி ஏறினேன். அந்த ஸ்டூலைப் பார்த்ததும் நெஞ்சில் ஏதோ குத்தியது. வீட்டை வேறு எங்காவது கட்டிக்கொள்ளுங்கள் என்று நானும்தானே சொல்லிவிட்டு வந்தேன். அந்த வேறு எங்காவது எந்தத் தெரு என்று நான் யாரையும் கேட்கவில்லை.

இந்தத் தடவை அதற்குத் தெரு பெயரே இருக்கிறது. சொல்கிறேன்.

2025 ஜூனில் மேயர் எரிக் ஆடம்ஸ் திட்டத்தைக் கைவிட்டார். அதுவரை ஹேவன் கிரீனுக்கு ஆதரவாக இருந்தவர் அவர். துணை மேயர் ராண்டி மாஸ்ட்ரோவும் கவுன்சிலர் கிறிஸ்டோபர் மார்ட்டேயும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். தோட்டம் அப்படியே இருக்கும். பதிலுக்கு மார்ட்டேயின் தொகுதியிலேயே மூன்று இடங்களில் 620க்கும் மேற்பட்ட குறைந்த வாடகை வீடுகள் வரும். பௌரி என்ற தெருவில் 156 முதல் 166 வரை உள்ள மனைகள் ஒன்று, 22 சஃபோக் தெரு ஒன்று, 100 கோல்டு தெரு ஒன்று. கோல்டு தெருவில் இருப்பது மாநகராட்சியின் வீட்டுவசதித் துறையின் சொந்த அலுவலகம்.

123 எங்கே, 620 எங்கே. கணக்கைப் பார்த்தால் லாபம்தான். ஆனால் ஹேவன் கிரீனுக்கு எல்லா ஒப்புதலும் கையில் இருந்தது, இந்த மூன்று இடங்களும் இனிமேல்தான் ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வீட்டுரிமைக்காக உழைக்கிறவர்கள் கொதித்துப்போனதில் நியாயம் இருக்கிறது. எட்டு வருடம் உழைத்த கட்டுமான நிறுவனங்களும் மாநகராட்சி மேல் வழக்குப் போட்டிருக்கின்றன.

நவம்பரில் சோரான் மம்தானி மேயர் தேர்தலில் ஜெயித்தார். ஹேவன் கிரீனைக் கட்டுவேன் என்று சொன்னவர் அவர். அதே வாரம் ஆடம்ஸ் நிர்வாகம் இந்த இடத்தைச் சட்டப்படி பூங்காநிலம் என்று அறிவித்தது வெளியே வந்தது. நியூயார்க்கில் ஒரு நிலம் பூங்கா என்று ஆகிவிட்டால், மாநிலச் சட்டமன்றம் சம்மதிக்காமல் அதை வேறு எதற்கும் எடுக்க முடியாது. இனிமேல் அங்கே கட்டுவது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்று மம்தானியே சொல்லிவிட்டார்.

தோட்டம் பிழைத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். மனதாரச் சொல்கிறேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் உட்கார ஒரு மர நிழல் கிடைப்பதே அபூர்வம். ஆனால் இந்தத் தோட்டத்துக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள், கடிதம் எழுதியவர்கள், கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்கிறேன். சஃபோக் தெரு வீடுகளைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் நடக்கும் நாளில் இதே கூட்டம் அங்கேயும் வர வேண்டும். கட்டடம் உயரம், நிழல் விழும், பார்க்கிங் போய்விடும் என்று யாராவது எழுந்து நிற்பார்கள். அப்போது நீங்கள் எழுந்து, கட்டுங்கள் என்று சொல்ல வேண்டும். அந்த வீடுகளைக் காட்டித்தானே இந்தச் சிங்கம் இங்கே நிற்கிறது?

சரி, விரல் மரத்துப்போய்விட்டது, போனும் பத்து சதவீதத்தில் நிற்கிறது. கதவு பூட்டும் நேரம், ஒரு தொண்டர் அம்மா சாவியோடு வந்துகொண்டிருக்கிறார். கையுறையைத் தேடி இன்னும் யாரும் வரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இங்கிருந்து அந்தப் பௌரி மனைகளுக்கு நடந்தே போய்விடலாம், சில நிமிடம்தான். விளக்குக் கடைகள் வரிசையாக இருக்கும் பக்கம். இப்போது அங்கே போகிறேன். அடுத்த வீடியோவில் மூன்று இடங்களையும் வெளியிலிருந்து காட்டுகிறேன். எங்கே என்ன நிற்கிறது, வேலை ஏதாவது ஆரம்பித்திருக்கிறதா என்று பார்ப்போம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பிப் போய் எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டி கேட்கும்போது, இந்த மூன்று முகவரியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.