பாதித் துணி இங்கே, பாதி அங்கே

ஆடை ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது பையரோடு பேசி ஆர்டரைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கம்.

பையரை, அதாவது நம்மிடம் ஆடை வாங்கும் வெளிநாட்டுக்காரரை, நேரில் பார்க்காமலே பழகுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படியென்றால் மேடையில் பிசிராந்தையார் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் பாண்டிய நாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழனைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அரசன் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது தேடி வந்துவிட்டார். நல்ல கதைதான். ஆனால் அவர்களுக்கு ஷிப்மென்ட் தேதி கிடையாது!

முன்பெல்லாம் பையர் கோவையில் வந்து இறங்குவார். திருப்பூரில் நம் சாம்பிள் அறையில் உட்கார்ந்து துணியைத் தடவிப் பார்ப்பார், மதியம் நம்மோடே சாப்பிடுவார். பழக்கம் தானாக வந்தது. 2020 மார்ச்சில் விமானம் நின்றதும் அதுவும் நின்றது.

அந்த வருடம் ஜெர்மனியில் பையராக இருக்கும் ஒரு அம்மாவுக்கு ஆலிவ் பச்சையில் லேப் டிப், அதாவது நிறம் பார்க்கச் சாயம் போட்ட சின்னத் துணி, அனுப்பினேன். ஏ, பி, சி என்ற மூன்று ஷேடும் பழுப்படிக்கிறது என்று மெயில் வந்தது. சாயப்பட்டறையில் சண்டை போட்டு மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பதில். போனில் கூப்பிட்டு, "எங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?" என்று கேட்டேன். சமையலறை மேசையாம், மேலே மஞ்சள் பல்பாம். அலுவலகத்தில் பகல் வெளிச்சம் போலிருக்கும் டி65 விளக்குப் பெட்டியில் பார்த்துப் பழகியவர் அவர். ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். "பி ஓகே" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து எந்த லேப் டிப்பையும் பாதியாக வெட்டுவேன். இரண்டிலும் ஒரே எண் எழுதி, பாதியை அனுப்புவேன், பாதி என் மேசையில் இருக்கும். வீடியோ திரையில் தெரியும் நிறத்தை நம்பவே மாட்டேன். இருவரும் அவரவர் பாதியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போவோம். கோடையில் நமக்கு மதியம் இரண்டு மணி என்றால் அவருக்குக் காலை பத்தரை. இரண்டு பக்கமும் பகல் வெளிச்சம். அவர் வீட்டு ஜன்னலில் ஒரு பூனை வந்து உட்காரும். அதன் உடல்நிலை வரைக்கும் எனக்குத் தெரியும்.

ஹோப் யூ ஆர் டூயிங் வெல் என்று ஆரம்பிக்கிற மெயிலை எல்லோரும்தான் அனுப்புகிறார்கள், யாரும் படிப்பதில்லை. அதைவிட, தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போனால் தையல் எத்தனை நாள் நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். உங்கள் பையருக்கு ஆகஸ்டில் எப்போது லீவு என்று கேட்டு வையுங்கள்.

என் தப்பையும் சொல்கிறேன். ஒருமுறை சரக்கு மூன்று நாள் தாமதம். சமாளித்துவிடலாம் என்று வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாவுக்கு சரக்கை அனுப்பிவைக்கும் ஃபார்வர்டர் மூலம் தெரிந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. அடுத்த இரண்டு சீசனுக்கு ஒற்றை வரி மெயில்தான் வந்தது, பூனை பற்றிப் பேச்சே இல்லை. இப்போதெல்லாம் கெட்ட செய்தி என்றால் முதலில் போன், அது முடிந்த கையோடு மெயில்.

சரி, கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அந்த ஜெர்மனி அம்மாவின் காலை ஒன்பது மணி அழைப்பு எனக்குப் பன்னிரண்டரைக்கு வரும். ஆனால் அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டிவிட்டது, அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு ஒன்றரைக்குத்தான் கூப்பிடுவார். உங்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல்.